25 பேருக்கு ஒருவர்: சிறு கடைகளை எட்டாத உணவுப் பாதுகாப்புப் பயிற்சி

புது தில்லி: தெற்கு தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் நன்கு பழகிய இடம். முருங்கைக்காய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் முதல் வஞ்சிரம், மத்தி வரை, தலைநகரின் பிற சந்தைகளில் தேடி அலைய வேண்டிய பொருள்கள் இங்கு ஒரே இடத்தில் கிடைக்கின்றன. எதிரே 1994-இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட். மெட்ரோ ரயிலில் அடுத்த நிலையம் எய்ம்ஸ். ஆகவே, இப்பகுதியின் சிறு உணவகங்களை நாடுவோரில் சுற்றுலாப் பயணிகளும் உண்டு. நோயாளிக்குத் துணையாக வெளியூரிலிருந்து வந்தவர்களும் உண்டு.

இவர்களுக்கு உணவு சமைப்பவருக்கும், காய் நறுக்குபவருக்கும், பரிமாறுபவருக்கும் உணவுப் பாதுகாப்பில் பயிற்சி உண்டா? அதை யார் உறுதி செய்வது?

சட்டம் சொல்வது: 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம், பொருளில் கலப்படம் உள்ளதா என்பதையே முதன்மையாகப் பார்த்தது. அதற்கு மாற்றாக வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் நிறைவேறி, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. சமையலறையின் தூய்மை, பணியாளரின் உடல்நலம், தண்ணீரின் தரம் ஆகியவையும் அதன் விதிமுறைகளில் விரிவாக இடம்பெற்றன.

இதன் தொடர்ச்சியாக, தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2017-இல் 'ஃபோஸ்டாக்' எனும் பயிற்சி, சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய அல்லது மாநில உரிமம் பெற்ற உணவு நிறுவனங்களில், ஒவ்வொரு 25 பணியாளருக்கும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் நிபந்தனை. ஐந்து பேர் மட்டுமே பணிபுரியும் உணவகமானாலும், உரிமம் பெற்றிருந்தால் ஒருவர் இருந்தாக வேண்டும்.

இடைவெளி எங்கே?: 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆண்டு விற்பனை ரூ.12 லட்சம் வரை உள்ள கடைகளுக்கு உரிமத்துக்குப் பதிலாகப் பதிவு போதும் என்றன. நாள் கணக்கில் இது சுமார் ரூ.3,300. தேநீர்க் கடையும் தள்ளுவண்டியும் ஒற்றை அடுப்புக் கடையும் இந்த வரம்புக்குள் வரக்கூடியவை. பதிவு பெற்ற கடைக்கும் அடிப்படைச் சுகாதார விதிகள் பொருந்தும். ஆனால், 25 பேருக்கு ஒருவர் என்ற நிபந்தனை உரிமத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், அந்த விதிகளை விளக்கிச் சொல்லப் பயிற்சி பெற்றவர் ஒருவர் இருக்க வேண்டிய கட்டாயம் இங்கு இல்லை. உணவு நிபுணரோ, தனிக் குளிர்பதன அறையோ வைக்க இயலாத கடைக்குத்தான் பயிற்சி பெற்றவரின் துணை அதிகம் தேவை என்பது இதில் உள்ள முரண்பாடு.

கண்ணுக்குத் தெரியாத கேடு: பயிற்சி ஏன் தேவை என்பதற்கு மீனே சான்று. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களைப் போதிய பனிக்கட்டியின்றி வைத்தால், பாக்டீரியாக்கள் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருளை உருவாக்கும். உண்டவருக்குச் சிறிது நேரத்திலேயே முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி ஏற்படலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழிவதில்லை. 'நன்றாக வேகவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற அனுபவ நம்பிக்கை இங்கு பொய்த்துப் போகிறது.

பச்சை இறைச்சி நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்கக் கூடாது. குளிர்ந்த உணவை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழும், சூடான உணவை 60 டிகிரிக்கு மேலும் வைக்க வேண்டும் என்பன பயிற்சியின் முதல் பாடங்கள். ஊட்டச்சத்தும் இதில் அடங்கும். திரும்பத் திரும்பச் சுடவைத்த எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் அமலில் உள்ளது. அதை அளக்கும் கருவி சிறு கடைகளில் இருக்காது. எண்ணெய் கறுப்பதும், நுரைப்பதும், புகைவதும் எதைக் காட்டுகின்றன என அறிந்த சமையலரே அங்கு அளவுகோல்.

சாப்ரா தந்த பாடம்: அறிவு மட்டும் போதாது என்பதையும் நாடு கண்டிருக்கிறது. பிகார் மாநிலம் சாப்ரா அருகே 2013 ஜூலை 16-ஆம் தேதி பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. எண்ணெய் சரியாக இல்லை எனச் சமையல் பணியாளர் முன்பே சந்தேகம் எழுப்பியதாக அப்போது செய்திகள் வெளியாயின. 'இதைச் சமைக்க மாட்டேன்' என்று கூறும் உரிமையைச் சமையலருக்கு அளிக்காத பயிற்சி முழுமையானதல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் கெட்ட உணவால் நோயுறுகின்றனர், 4.2 லட்சம் பேர் இறக்கின்றனர். தென்கிழக்கு ஆசியப் பகுதியில் மட்டும் இறப்பு 1.75 லட்சம்.

சந்தையே ஓர் அலகு: இதற்கு வழி இல்லாமல் இல்லை. தில்லியில் 20 ஆயிரம் தெருவோர உணவு வியாபாரிகளுக்குப் பயிற்சி அளிக்கும் திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்டது. ஆமதாபாதின் காங்கரியா ஏரிப் பகுதி 2018-இல் நாட்டின் முதல் 'தூய்மையான தெருவோர உணவு மையம்' என அறிவிக்கப்பட்டது. அங்கு தனித்தனிக் கடையாக அல்லாமல், பகுதி முழுவதும் ஒரே அலகாகக் கொண்டு தணிக்கையும் பயிற்சியும் நடைபெற்றன.

ஐ.என்.ஏ. போன்ற சந்தைகளுக்கும் இது பொருந்தும். கடைகளின் எல்லை சுவரோடு முடிகிறது. ஈயும் கழிவுநீரும் அந்த எல்லையை அறிவதில்லை. பல கடைகள் சேர்ந்து ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரை அமர்த்திக் கொண்டால் செலவு பகிரப்படும். அடிப்படைப் பயிற்சிக்குத் தேவைப்படுவது அரை நாள் மட்டுமே. ஆனால், சான்றிதழ் பெற்ற பணியாளர் வேறு கடைக்கோ சொந்த ஊருக்கோ போய்விட்டால், அடுத்து வருபவருக்கு அவர் அறிந்த மொழியில் மீண்டும் முதலிலிருந்து கற்பிக்க வேண்டும். ஒருமுறை நடத்தும் முகாமாக அல்லாமல், சந்தையின் அன்றாடப் பணிகளில் ஒன்றாகப் பயிற்சி மாறினால்தான் சட்டத்தின் நோக்கம் கடைசி அடுப்பு வரை சென்று சேரும்.