ஒற்றைப் பிரயாணி, கையில் ஒரு காமிரா

(நமது பாறசாலை நிருபர்)

"சாரே, எனக்க மவ ஒத்தையில குடகுக்குப் போறேன்னு நிக்கா. டிக்கெட் இல்லைன்னு நீங்களாவது சொல்லிருங்க."

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனிடம் எத்தனையோ விதமான கோரிக்கைகள் வரும். கீழ்ப் படுக்கை வேண்டும் என்பார்கள். சில்லறை வேண்டும் என்பார்கள். இருக்கிற சீட்டை இல்லையென்று சொல்லும்படி ஒருவர் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. கேட்டவர் களியக்காவிளைப் பக்கத்து அம்மாள் ஒருவர். அவருடைய மகள் திருவனந்தபுரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கெழுதுகிறார். சீசன் டிக்கெட்டில் தினந்தோறும் போய் வரும், எங்கள் நிலையத்துக்குப் பழகிய முகம். வயது இருபத்தாறு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அம்மாளின் கவலைக்கு அந்த ஒரு காரணமே போதும். அதன் மேல் இப்போது குடகும் வந்து சேர்ந்திருக்கிறது.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "போகட்டும் அம்மா" என்று சொல்லத் துணிவும் வரவில்லை. குமாஸ்தாக்களுக்கே உரிய பதிலைச் சொன்னேன்: "நாளைக்கு வாங்க, பார்க்கலாம்."

அந்தப் பெண் திடீரென்று குடகுக்குக் கிளம்பிவிடவில்லை. இரண்டு வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கைமாறிய டிஜிட்டல் காமிரா ஒன்றை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வண்டி ஏறி, மாலை வண்டியில் திரும்புவார். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க வரும்போது, வரிசையில் ஆள் இல்லாவிட்டால், எடுத்த படங்களைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்தே காட்டுவார்.

முதலில் போனது பத்மநாபபுரம் அரண்மனைக்கு. தக்கலை பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அரண்மனை. பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநில எல்லை பிரிந்தபோது ஏற்பட்ட விசித்திரங்களில் இதுவும் ஒன்று. நம் பாறசாலையில் தமிழ் பேசும் வீடுகள் கேரளத்தில் நிற்பதும் அதே கணக்கில் சேர்ந்ததுதான். (திங்கட்கிழமை அரண்மனை விடுமுறை. இதை அறியாமல் திங்களன்று போய்த் திரும்பிய கோஷ்டிகள் பல.) பிறகு குழித்துறையில் இறங்கிச் சிதறால் மலைக்குப் போனார். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள் பாறையில் வரிசையாக இருக்கின்றன. அதே குகைக்குப் பிற்காலத்தில் பகவதி கோயில் என்று பெயர் வந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம்மில் எத்தனை பேர் ஏறியிருக்கிறோம்? நானும் அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்த பிறகுதான் ஏறினேன்.

தறிக்காரரின் கேள்வி

அவர் காட்டியவற்றில் என் மனதில் நின்றது பாலராமபுரத்துப் படம். நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவிலுள்ள பாலராமபுரத்தில் சாலியர் தெருக்கள் இருக்கின்றன. திருவிதாங்கூர் மகாராஜா பாலராமவர்மாவின் காலத்தில் தெற்கே தமிழ்ப் பகுதியிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட நெசவாளர் குடும்பங்கள் அவை. குழித்தறியில் அவர்கள் நெய்யும் கசவு வேட்டிக்கும் சேலைக்கும் 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அங்கே ஒரு முதியவர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தாராம். இந்தப் பெண் அனுமதி கேட்டுப் படம் எடுத்திருக்கிறார். பெரியவர் கையை நிறுத்தாமலே சொன்னாராம்: "படம் எடுக்க வாறவங்க ஏராளம் பிள்ளே. எடுத்த படத்தை இதுவரைக்கும் ஒருத்தரும் எனக்குக் காட்டினது இல்ல."

இவர் அடுத்த வாரமே அந்தப் படத்தைக் காகிதத்தில் பிரதி எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார். ஒன்றுக்கு இரண்டாக. ஒன்று பெரியவருக்கு, மற்றொன்று வெளியூரில் வேலை பார்க்கும் அவர் மகனுக்கு அனுப்ப. அன்றிலிருந்து எந்த ஊரில் யாரைப் படம் எடுத்தாலும், பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கிறார். ஆடிட்டர் ஆபீஸ் பழக்கம் போலும்! ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண் உண்டு. பிரதி கொடுத்தாயிற்றா, பாக்கியா என்று ஒரு பத்தியும் உண்டு.

இதைச் சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் அ. க. செட்டியார்.

டோக்கியோவுக்குப் போன கோட்டையூர்க்காரர்

இன்றைய இளைஞர்களுக்கு 'உலகம் சுற்றும்' என்று ஆரம்பித்தாலே எம்.ஜி.ஆரின் 1973-ம் வருஷத்துப் படம்தான் ஞாபகம் வரும். அதற்கு ஒரு தலைமுறை முன்பே 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயர் வாங்கியவர் அ. கருப்பன் செட்டியார். 1911-ல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். இளம் வயதில் ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். அதன்பின் போட்டோ பிடிக்கும் கலையை முறைப்படி கற்க வேண்டும் என்று 1930-களில் தனியாக டோக்கியோவுக்குப் போனார். அங்கே படித்தது போதாதென்று நியூயார்க்குக்கும் போய்ப் படித்தார். விமானப் பிரயாணம் சாதாரண ஜனங்களுக்கு எட்டாத காலம் அது. கப்பல்தான், போய்ச் சேர வாரக்கணக்கு ஆகும்.

1937 அக்டோபர் 2-ம் தேதி அவர் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அன்று காந்திஜியின் பிறந்த நாள். உலகத்தில் இத்தனை பேர் படம் பிடித்திருக்கும் அந்த மனிதரைப் பற்றி முழுமையான ஒரு படம் இல்லையே என்ற எண்ணம் நடுக்கடலில் தோன்றியது. அப்போது அவருக்கு இன்னும் இருபத்தாறு வயது நிறையவில்லை. அதே வருஷம் ஜனவரியில்தான் காந்திஜி, ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பிறகு திருவிதாங்கூரில் சுற்றுப்பிரயாணம் செய்து, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வெங்கானூரில் அய்யன்காளியைச் சந்தித்துப் போயிருந்தார் என்பதை இந்தப் பகுதிக்காரன் என்ற முறையில் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

தோன்றிய எண்ணத்தை எண்ணமாகவே விட்டுவிட எவருக்கும் முடியும். இவர் விடவில்லை. இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று காந்திஜியின் காலடி பட்ட தேசங்களைத் தேடிப் போனார். முப்பது வருஷ காலத்தில் நூறு பேர் அளவில் வெவ்வேறு காமிராக்காரர்கள் எடுத்து, எங்கெங்கோ கிடந்த பிலிம் சுருள்களிலிருந்து சுமார் 50,000 அடி சேர்த்தார். பேசும்படம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். அந்தக் கணக்குப்படி 50,000 அடியைப் போட்டுப் பார்க்கவே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும்! அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்த 'மகாத்மா காந்தி' படம் 1940 ஆகஸ்டில் சென்னையில் தமிழில் வெளியாயிற்று.

அந்தப் படத்தின் கதி என்ன ஆயிற்று என்பதுதான் மனதை வருத்தும் விஷயம். தமிழ்ப் பிரதி காணாமல் போயிற்று. 1953-ல் அமெரிக்காவில் சுருக்கி, ஆங்கிலத்தில் வெளியிட்ட வடிவத்தின் பிரதி ஒன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பதை வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி பல வருஷங்களுக்குப் பிறகு கண்டுபிடித்துச் சொன்னார். கடல் கடந்து சேர்த்த படத்துக்கே இந்த நிலை என்றால், போனுக்குள் நாலாயிரம் படம் சேர்த்து வைத்துக்கொண்டு, எது எந்த ஊர், யார் முகம் என்று தெரியாமல் விழிக்கும் நம்மைப் பற்றிக் கேட்பானேன்? போன் தண்ணீரில் விழுந்தால் நாலாயிரமும் போயிற்று. கணக்கெழுதும் அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகத்தின் அருமை எனக்குப் புரிந்தது இங்கேதான்.

செட்டியார் 1943-ல் 'குமரி மலர்' என்ற மாதப் பத்திரிகையை ஆரம்பித்து, 1983-ல் காலமாகும்வரை நடத்தினார். (பெயரைப் பார்த்து இது நம் குமரி மாவட்டத்துப் பத்திரிகை என்று நானே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.) பிரயாண நூல்கள் பல எழுதினார். தூர தேசங்களைப் பற்றி எழுதிய அதே கையால், பக்கத்திலிருக்கும் குடகைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அவருடைய எழுத்தில் எனக்குப் பிடித்தது, அவர் அதில் அநேகமாகத் தென்படுவதே இல்லை என்பதுதான். 'நான் போனேன், நான் கண்டேன், எனக்குக் கஷ்டம்' என்ற புலம்பல் கிடையாது. அந்த ஊர்க்காரர் என்ன சாப்பிடுகிறார், எப்படிப் பேசுகிறார், நம்மைப் பார்த்து என்ன கேட்கிறார் என்பதையே சின்னச் சின்ன வாக்கியங்களில், லேசான சிரிப்போடு சொல்லிக்கொண்டு போவார். தனியாகப் போகிறவனுக்கு இது ஒரு சௌகரியம். கோஷ்டியாகப் போனால் நம் ஆட்களோடுதான் பேசிக்கொண்டிருப்போம். தனியாகப் போனால் ஊர்க்காரரோடு பேசித்தான் ஆக வேண்டும்.

சீட்டும் சட்டமும்

கையில் காமிராவோ போனோ வைத்திருக்கும் எல்லோரும் அந்தப் பெண்ணைப் போல் இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் பகுதித் தண்டவாளத்தில் நின்று, தூரத்தில் வண்டி வருவது பின்னால் தெரியும்படி தன்னையே படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்களை விரட்டுவதே ஒரு வேலையாகிவிட்டது. 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம் 147-ம் பிரிவுப்படி அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சட்டம் கிடக்கட்டும். ஓடிவரும் வண்டியை டிரைவர் நினைத்த இடத்தில் நிறுத்திவிட முடியாது.

உத்தியோகத்தில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு லீவும் குறைவு, பணமும் குறைவு. அவர்களுக்கு உபயோகப்படும் சில விஷயங்கள் ரயில்வே விதிகளிலேயே இருக்கின்றன. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு ஒரே சீட்டு வாங்கினால், 500 கிலோமீட்டரைக் கடந்தபின் வழியில் ஓரிடத்தில் இறங்கி இரண்டு நாள் வரை தங்கிப் போகலாம். 1000 கிலோமீட்டருக்கு மேல் என்றால் இரண்டு இடங்களில் இறங்கலாம். இறங்கிய நிலையத்தில் சீட்டில் குறிப்பு எழுதி வாங்கிக்கொள்வது முக்கியம். புறப்பட்ட ஊருக்கே வேறு வழியாகத் திரும்பி வருகிறவர்களுக்குச் சுற்றுப் பயணச் சீட்டு என்று ஒன்று உண்டு. எட்டு இடங்கள் வரை இறங்கி ஏறலாம். தனித்தனியாகச் சீட்டு வாங்குவதைவிடக் கட்டணம் குறையும். போகும் வழியை எழுதிக் கோட்ட வர்த்தக அலுவலகத்தில் கொடுத்துக் கேட்க வேண்டும். பெண்களுக்கென்று நெடுந்தூர மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் ஸ்லீப்பர் வகுப்பில் ஆறு படுக்கைகள் ஒதுக்கீடு இருக்கிறது. வயது வரம்பு கிடையாது. தனியாகப் போகிறவருக்கும் பொருந்தும். ஓடும் வண்டியில் ஏதாவது தொந்தரவு என்றால் கூப்பிட வேண்டிய எண் 139.

மறுநாள் அந்த அம்மாள் சொன்னபடி வந்து நின்றபோது இந்த விவரங்களைத்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கோட்டையூர்க்காரரைப் பற்றியும் சொன்னேன். "அவரு ஆம்பளை" என்று ஒரே வார்த்தையில் அடித்துவிட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. செட்டியார் கப்பல் ஏறிய காலத்தில் எந்த வீட்டிலும் ஒரு பெண்ணை இப்படித் தனியாக அனுப்பியிருக்கமாட்டார்கள். "நீங்களும் கூடப் போய்ட்டு வரலாமே" என்றேன். "மூணு பசுமாடு நிக்கு, யாரு பாப்பா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் நின்று, அந்த 139 என்ற எண்ணை மட்டும் தாளிலிருந்து இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துக்கொண்டார்.

குடகு மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. விடியற்காலையில் நம் வழியாகப் போகும் மங்களூர் வண்டியில் ஏறித் தலச்சேரியில் இறங்கி, இரவு அங்கே தங்கி, மறுநாள் காலையில் பஸ்ஸில் மலை ஏறுவதாக ஏற்பாடு. தலச்சேரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். வண்டி வந்தபோது பிளாட்பாரத்தில் அம்மாளும் நின்றார். மகளிடம் ஒன்றும் பேசவில்லை. சோற்றுப் பொதியை ஜன்னல் வழியாக நீட்டினார், அவ்வளவுதான்.

ஐந்து நாள் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தார். மடிக்கேரியின் மூடுபனி, காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்கள், பஸ் ஸ்டாண்டில் தன் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை சொன்ன ஒரு பாட்டி என்று ஏகப்பட்ட படங்கள். பாட்டிக்குப் பிரதி அனுப்ப விலாசம் வாங்கி வந்திருக்கிறார். நோட்டில் 'பாக்கி' என்று எழுதியிருந்தது.

அடுத்த வாரம் அம்மாள் கவுண்டருக்கு வந்தார். கையில் ஒரு கவர். அதில் பத்துப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக் காட்டினார். கடைசிப் படமும் முடிந்தபின் சொன்னார்:

"இத்தன படம் எடுத்திருக்கா. ஒண்ணுலயாவது இவ நிக்காளா பாருங்க சாரே! போயிட்டு வந்ததுக்கு எனக்கு என்ன அத்தாட்சி?"

பின்னால் நின்ற வரிசை சிரித்துவிட்டது. கொல்லம் வண்டிக்கு மணி அடித்துவிட்டார்கள். நான் அடுத்தவருக்குச் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன்.