குச்சி எங்கே இருக்கிறது?

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற சாலையோரம் எனக்குப் பழகிய டீக்கடை ஒன்று உண்டு. பெஞ்சில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் சட்டை காலர் வெளுத்துவிடும். அதனால் அங்கே வெள்ளைச் சட்டைதான் தோது. போன வாரம் ஒரு சாயங்காலம் கைபேசியில் வரைபடத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ மாஸ்டர் கிளாஸை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?”

“நான் எதையும் தொலைக்கலண்ணே. வேற யாராச்சும் ஒளிச்சு வச்சிருக்காங்களான்னு பாக்குறேன்.”

சொல்லியிருக்கக் கூடாது. அதற்கப்புறம் விளக்காமல் எழுந்திருக்க முடியுமா?

“சின்ன வயசுல கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆடியிருக்கீங்களா?” என்று ஆரம்பித்தேன். ஆடாதவர் யார்! நீளமாக மண்ணைக் குவித்து, அதற்குள் ஒரு குச்சியை நுழைத்து, எதிராளி கைகோர்த்துப் பொத்திக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலோர் மறந்துபோவது அதன் இரண்டாம் பாதியை. தோற்றவன் கையில் மண்ணை அள்ளிக் கொடுத்து, நடுவில் குச்சியை நட்டு, கண்ணைப் பொத்தித் தெருத்தெருவாகச் சுற்ற வைப்பார்கள். எங்கோ ஒரு மூலையில் கொட்டச் சொல்லி, மறுபடி சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுவார்கள். “இப்பப் போயி கண்டுபிடி!” நான் கைபேசியில் தேடிக்கொண்டிருந்த ஜியோகேச்சிங் என்கிற விளையாட்டு அந்த இரண்டாம் பாதிதான். இதில் கண்ணைப் பொத்த ஆள் கிடையாது. ஒளித்தவர் இடத்தின் எண்ணையே உங்களிடம் கொடுத்துவிடுகிறார்.

அந்த எண் பெரிய மர்மமில்லை. பூமிக்குக் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. அரியலூர் ஏறத்தாழ 11.14 வடக்கு, 79.08 கிழக்கு. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் நான்காவது இலக்கத்துக்கு வந்தால் பதினோரு மீட்டர், ஐந்தாவதில் ஒரு மீட்டர். ஐந்து இலக்கம் எழுதினால், மாஸ்டர் நிற்கிற இடத்தையும் நான் உட்கார்ந்திருக்கிற பெஞ்சையும் தனித்தனியாகச் சொல்லிவிடலாம்.

“அதெப்படி போனுக்குத் தெரியுது?”

நல்ல கேள்வி. அரியலூர்க்காரருக்குச் சொல்வது சுலபம். சுண்ணாம்புக் குழியில் வெடி வைக்கிறார்கள். புழுதி கிளம்புவது முதலில் கண்ணில் படும், சத்தம் பிறகு வரும். எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்து எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். அதேபோல, 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் “நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சேதி எவ்வளவு தாமதித்து வந்தது என்று கைபேசி கணக்குப் போடுகிறது. இடத்தை நிச்சயிக்க மூன்று செயற்கைக்கோள் போதும். ஆனால் கைபேசியில் இருப்பது மலிவான கடிகாரம், அதன் பிசகைத் திருத்த நான்காவது ஒன்று தேவை. திறந்த வானத்தின் கீழ் நான்கைந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். புளியமரத்தடியில் நின்றால் சற்று உளறும்.

இதே வேலைக்கு ஒரு காலத்தில் பட்ட பாட்டையும் அவருக்குச் சொன்னேன். 1802இல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய லாம்டன் துரை, 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு மேலே அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றப் பார்த்தார். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிப்போனது. அதை அவரே உட்கார்ந்து தட்டி நிமிர்த்தினார். நாம் பாக்கெட்டில் கை விட்டு எடுக்கிறோம்.

விளையாட்டின் பிறப்புக்கு நாள் நட்சத்திரமே உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிறக்கும்வரை அமெரிக்க அரசு ஜிபிஎஸ் குறிகையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் கொடுத்தது. கிட்டத்தட்ட நூறு மீட்டர் பிசகும். மே 1 நள்ளிரவு கடந்து அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரம் பாதி புதைத்துவைத்து, இடத்தின் எண்ணை இணையத்தில் போட்டார். உள்ளே ஒரு நோட்டு, பென்சில், புத்தகம், கவண், ஒரு டின் அவரைக்கொட்டை. எடுப்பவர் எதையாவது வைத்துவிட்டு எடுக்கட்டும் என்பதுதான் சட்டம். முதலில் மைக் டீக் என்பவர் போய்க் கண்டுபிடித்தார். வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் வாளியை இன்றைய விதிப்படி அனுமதிக்கவே மாட்டார்கள். மண்ணில் புதைக்கக் கூடாது, தின்பண்டம் வைக்கக் கூடாது. எறும்பும் நாயும் குரங்கும் ஜிபிஎஸ் இல்லாமலே வந்துவிடும் அல்லவா?

இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கு மேல் பெட்டிகள். விண்வெளி நிலையத்தில்கூட ஒன்று, 2008இல் அங்கே போன ரிச்சர்ட் கேரியட் என்பவர் வைத்தது. அதைத் தேட நமக்கு வசதிப்படாது.

ஆடும் முறை எளிது. செயலியில் கணக்குத் தொடங்கி, அருகில் இருப்பதைத் தேர்ந்து, அம்புக்குறி காட்டும் வழியே போக வேண்டும். கடைசிப் பத்தடியில் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டும். ஆட்டமே அங்கேதான். பெட்டி டிபன் டப்பா அளவிலும் இருக்கும், விரல் நகத்தளவிலும் இருக்கும். தேடுவது எவ்வளவு கடினம், போகிற பாதை எவ்வளவு கரடு என்று இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டிருப்பார்கள். கிடைத்ததும் உள்ளே இருக்கிற தாளில் பெயரையும் தேதியையும் எழுதி, எடுத்த மாதிரியே திரும்ப வைத்துவிட வேண்டும். விவரம் தெரியாத வழிப்போக்கர்களுக்கு இவர்கள் வைத்த பெயர் ‘மகிள்’, ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் அறியாதவர்களைக் குறிக்கிற சொல். மாஸ்டரிடம், “நேத்து வரைக்கும் நீங்க மகிள்” என்றேன். ஏதோ பட்டம் பறிபோனதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

“அப்ப டப்பாவுல பணம் காசு ஒண்ணும் இல்ல. டப்பாவத் தொட்டுட்டு வர்றதுக்கா பெட்ரோல் போடுறாங்க?”

நானும் இதைக் கேட்டுப் பார்த்தவன்தான். மனிதர்கள் அந்த நோட்டுக்காகத்தான் போகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு வரி எழுதிவிட்டுப் போனவரை நமக்குத் தெரியாது. ஆனால் அவரும் இதே முள்ளில் கை கிழித்துக்கொண்டவர். பெட்டி நனைந்துவிட்டது என்று அவர் எழுதினால், வைத்தவர் வந்து தாளை மாற்றிவிட்டுப் போகிறார். புதிய பெட்டி ஒவ்வொன்றையும் சரிபார்த்து வெளியிடுவது சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பதுவரை பார்ப்பார்கள். தேடப் போகிற இடத்தில் கிடக்கிற குப்பையைப் பொறுக்கி வருவதும் 2002 முதல் இந்தக் கூட்டத்தின் வழக்கம். எண் பொறித்த உலோக வில்லைகள் வேறு உண்டு. ஒருவர் ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட, நாடு நாடாக ஊர்வலம் போகும். சிங்கப்பூரில் பெட்டிகள் நெருக்கமாக இருக்கின்றன. பெரம்பலூர், அரியலூரிலிருந்து அங்கே வேலைக்குப் போன பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தேடிப் பார்த்துப் பழகலாம்.

இங்கே பெட்டி வைப்பதில்தான் எனக்குத் தயக்கம். பேருந்து நிலையத்தில் பெஞ்சுக்கடியில் ஒரு மூடிய டப்பாவைச் செருகினால் வெடிகுண்டு நிபுணரைத்தான் கூப்பிடுவார்கள். தப்பும் இல்லை. சுண்ணாம்புக் குழிகளுக்குள் போகவே கூடாது. வெடி, செங்குத்துச் சரிவு, அடி தெரியாத தண்ணீர். கரைவெட்டி ஏரி பறவைகள் சரணாலயம், 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மரப்பொந்தில் கை விட்டால் உள்ளே குஞ்சு இருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்திலோ கோயிலும் பக்கத்து மாளிகைமேடும் தொல்லியல் துறைகளின் பொறுப்பு. அங்கே மண்வெட்டியோடு ஒருவன் நடமாடினால், விளையாட்டு என்று விளக்கிக்கொண்டிருக்க நேரம் தர மாட்டார்கள். புதையல் என்றாலே நமக்கு ராத்திரியும் எலுமிச்சம்பழமும்தானே. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்! இந்தக் கடையில் ஒரு டீ அதைத் தாண்டிவிட்டது.

ஆகவே அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்குப் பொருத்தம், டப்பாவே இல்லாத வகைதான். எர்த்கேச் என்பார்கள். அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் கைத்துணையோடு, 2004இல் ஆஸ்திரேலியாவில் முதலாவது அமைந்தது. இதில் எதையும் ஒளிப்பதில்லை, பூமி ஏற்கெனவே ஒளித்துவைத்திருக்கிறது. எண்ணைப் பிடித்துப் போய், அங்கே நின்று பார்த்தால் மட்டுமே பதில் தெரிகிற இரண்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி, அமைத்தவருக்கு அனுப்ப வேண்டும். இடத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி பெற்றுத்தான் அமைக்க வேண்டும். எதையும் எடுத்துவரக் கூடாது.

எடுத்துக்காட்டுக்கு, பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்திய இயக்குநராகப் பின்னாளில் வந்தவர் அவர். மரம் சுமார் 18 மீட்டர் நீளம், படுத்தவாக்கில் கல்லாகிக் கிடக்கிறது. நான் கேள்வி அமைத்தால் இப்படிக் கேட்பேன்: அடிமரம் எந்தத் திசையில், நுனி எந்தத் திசையில்? பட்டையின் வரி தெரிகிறதா? சுற்றியிருக்கிற பாறை கடலடியில் படிந்தது என்றால், மரம் இங்கே எப்படி வந்திருக்கும்? மூன்றாவது கேள்விக்குத்தான் ஆள் நிற்க வேண்டும். கரையில் வளர்ந்த மரத்தை ஆறு அடித்துவந்து கடலில் தள்ள, சேற்றில் புதைந்து, தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய பத்துக் கோடி வருஷத்துக் கணக்கு.

“இங்க கடலா?”

கடல்தான். சிமென்ட் ஆலைகளுக்குப் போகிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போனது. கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கல்லில் சிப்பி அப்பியிருக்கும். காரை என்ற ஊரில் செம்மண் பள்ளத்தாக்கு போல அரித்த ஓடைகள், நடுவே ஜிப்சம் பட்டை பட்டையாக மின்னும். நத்தைபோலச் சுருண்ட அம்மோனைட்டுகள் பல இடங்களில். கண்டகி ஆற்றிலிருந்து வருகிற சாளக்கிராமத்துக்கு உள்ளே இருப்பதும் அதே இனம்தான். 1840களிலேயே கே, கன்லிஃப் என்ற இருவர் இந்தப் பக்கத்துச் சிப்பிக் கற்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். இப்போது பார்க்க வேண்டுமானால் வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது.

காரையில் ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டு ஷோகேஸில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாத கல்லை வைத்துப் புவியியலாளர் என்ன செய்வார்? வயதும் சொல்ல முடியாது, பக்கத்தில் என்ன வாழ்ந்தது என்றும் சொல்ல முடியாது. எண்ணைக் குறித்துக்கொண்டு கல்லை விட்டுவிட்டு வருகிறவன் உருப்படியாக ஏதோ கொண்டுவருகிறான். கல்லை எடுத்து எண்ணை விட்டவன் கொண்டுவருவது வெறும் கல்.

கற்களுக்குள் போகப் பொறுமை இல்லாதவருக்கு இன்னொரு விளையாட்டு. 1996இல் அலெக்ஸ் ஜாரெட் என்பவர் தொடங்கியது: முழுப் பாகைக் கோடுகள் வெட்டிக்கொள்கிற இடங்களுக்குப் போய்ப் படம் எடுப்பது. 11 வடக்கு, 79 கிழக்கு வெட்டுவது இங்கிருந்து தென்மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில், கீழப்பழுவூருக்கும் டால்மியாபுரத்துக்கும் இடைப்பட்ட வாக்கில். அங்கே கோடும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. கைபேசியில் பூஜ்யங்கள் வரிசையாக வந்து நிற்கும், அவ்வளவுதான். வயலாக இருந்தால் வரப்போரம் ஆள் பார்த்துக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

டீ ஆறிப்போயிருந்தது. மாஸ்டர் இன்னொன்று போட்டார், கேட்கவில்லை. பிறகு உள்ளே போய், சாமி படத்துக்குக் கீழே இருந்த எதையோ துண்டில் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்தார். உள்ளங்கை அளவு, சுருள் சுருளாக, விளிம்பில் மணல் ஒட்டிய அம்மோனைட்.

“அப்பா குழி வேலைக்குப் போனப்ப எடுத்தாந்தது. நத்தையாண்டவர்னு அம்மா விளக்கேத்தும். இதுக்கு நம்பர் போட முடியுமா தம்பி?”

“எந்தக் குழின்னு தெரியுமாண்ணே?”

கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்பாவுக்குத்தான் தெரியும். அது போயி பதினோரு வருசமாச்சு.”