பழைய காப்பிக் கொட்டையில் நல்ல காப்பி



சேர்வராயன் மலை, கொல்லிமலை, கீழ்ப்பழனி மலைப் பக்கம் காப்பி வைத்திருக்கிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தை மாதம் பழம் எடுத்து முடிந்ததும், விற்றது போக நாலைந்து கிலோ கொட்டையை வீட்டுச் செலவுக்கென்று பையில் கட்டிப் பரணில் போட்டு விடுவோம். ஐப்பசி மழையில் விருந்தாளி வருகிறபோது பையை அவிழ்த்தால், கொட்டை வெளுத்துப் போயிருக்கும். காப்பி போட்டால் மரக்கட்டை வாசம் அடிக்கும். இதைக் குடிப்பதா, கொட்டுவதா என்பதுதான் கேள்வி.

முதலில் கொட்டையைச் சோதியுங்கள். ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். பூசண வாடை அடித்தாலோ, பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தாலோ, யோசிக்கவே வேண்டாம், குப்பைக் குழிக்குத்தான். "வறுத்தால் சரியாப் போயிடும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. பூசணம் விடுகிற நஞ்சு வறுக்கிற சூட்டில் முழுதாகப் போகாது. காசு மிச்சம் பிடிக்கப் போய் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கலாமா? மாட்டுக்கும் வைக்காதீர்கள்.

வெறுமனே வெளுத்த கொட்டையென்றால் பயமில்லை. பல்லில் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் ஈரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நல்ல வெயில் பார்த்துப் பாயில் பரப்பிக் காய வையுங்கள். ஓட்டை விழுந்ததையும் கறுத்ததையும் பொறுக்கி விடுங்கள்.

இனி வறுப்பது. நன்றாகக் காய்ந்த பழைய கொட்டை சீக்கிரம் சிவந்து விடும். அதனால் இரும்புச் சட்டியில் தீயைத் தணித்து, கைவிடாமல் கிளறுங்கள். படபடவென்று வெடித்து, நல்ல பழுப்பு நிறம் வந்ததும் இறக்கி, முறத்தில் கொட்டி விசிறி ஆற்றுங்கள். எண்ணெய் கசிந்து பளபளக்கிற வரை விட்டால் கசப்புதான் மிஞ்சும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுங்கள்.

வறுத்து நாளான கொட்டையென்றால் கதை வேறு. வறுத்த கொட்டைக்குக் காற்று, ஈரம், சூடு, வெளிச்சம் நாலும் எதிரி. மணம் பறந்து போகும். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். போன மணம் மறுபடி வறுத்தாலும் திரும்பாது, கொட்டை கருகத்தான் செய்யும். சிக்கு வாடை வந்ததை விட்டு விடுங்கள். மணம் மட்டும் குறைந்ததை இப்படிப் பயன்படுத்தலாம்:

போடுகிற அன்றைக்கே அரையுங்கள். அரைத்த பொடி கொட்டையை விட வேகமாகக் கெடும். வழக்கத்தை விடக் கொஞ்சம் நைசாக அரையுங்கள், ஆனால் மாவாக்கினால் பில்டர் அடைத்துக் கொள்ளும். நாலு கரண்டி போடுகிற இடத்தில் ஐந்து கரண்டி போடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்து அடங்கியதும் ஊற்றுங்கள். முதல் டிகாக்‌ஷனோடு நிறுத்திக் கொள்ளுங்கள். இரண்டாவது தண்ணீரில் கசப்பும் மரவாசமும்தான் இறங்கும். டிகாக்‌ஷனைத் திரும்பக் கொதிக்க வைக்கவே கூடாது. சிக்கரி கொஞ்சம் சேர்த்தால் நிறமும் திடமும் கிடைக்கும். பழைய கொட்டைக்குக் கருப்பட்டி போட்ட வரக்காப்பியும் நன்றாகப் பொருந்தும்.

அடுத்த வருஷம் இந்தத் தொல்லையே வராமலிருக்க ஒரு வழி உண்டு. வீட்டுக்கு வைக்கிறதைப் பார்ச்மெண்ட் தோலோடு நன்கு காய வைத்து, தோல் உரிக்காமலே வையுங்கள். வேண்டும்போது மட்டும் உரியுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். அடுப்புப் புகை, மண்ணெண்ணெய், உரம், பூச்சி மருந்து இவற்றின் பக்கமே வேண்டாம். காப்பிக் கொட்டை எந்த வாடையையும் இழுத்துக் கொள்ளும்.

கடைசியாக ஒன்று. மிச்சமிருக்கிற பழைய கொட்டையைப் புது மகசூலோடு கலந்து விற்கப் பார்க்காதீர்கள். ஒரு படி பழசு ஒரு மூட்டையின் ருசியையே கெடுத்து விடும். வியாபாரி வறுத்துப் பார்த்தால் தெரிந்து போகும். மொத்தத்துக்கும் விலையைக் குறைப்பார். வருஷம் முழுக்கப் பட்ட பாடு அந்த ஒரு படியில் போகலாமா? பழசை நாம் பக்குவமாகக் குடிப்போம், புதுசை நல்ல விலைக்கு விற்போம்.