வேலி போடுமுன் வழியைப் பாருங்க!

லயத்து வாசலில் நாலு கம்பை நட்டுக் கம்பி கட்டினால் வேலி ஆச்சு என்று நினைக்கிறோம். சிங்கப்பூரில் அது நடக்காது. தரை வீட்டு எல்லைச் சுவருக்கே உயரம் பொதுவாக 1.8 மீட்டர்தான்.

சிராங்கூன் சாலைக்குப் போனவர்கள் அஞ்சடியில் நடந்திருப்பீர்கள். மழை வெயில் படாமல் சனங்கள் நடக்க, 1822-லேயே ராஃபிள்ஸ் திட்டத்தில் சொல்லிவைத்த வழி அது. கடைக்காரர்கள் சரக்கை அடுக்கி அதை அடைத்தார்கள். 1888-ல் நகராட்சி அகற்றப் போனது. கடையடைப்பும் கலவரமுமாக ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே கட்டட முகப்பில் கைவைக்க அனுமதி வேண்டும்.

அடுக்குமாடித் தாழ்வாரத்திலும் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். எதற்கு? தீப்பிடித்தால் கிழவியும் பிள்ளையும் ஓடித் தப்பிக்கத்தான்!

நம் லயத்து வாசலும் அப்படித்தானே? கடன் வாங்கிப் போட்ட வேலியை நாளைக்குப் பிடுங்கச் சொன்னால் காசும் போச்சு, மானமும் போச்சு. முதலில் பக்கத்து வீட்டாரிடம் பேசுவோம். பிறகு நிர்வாகத்திடம் கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்குவோம். வாய்ப்பேச்சு, கிராணி மாறினால் காற்றோடு போய்விடும்!