யானைக்கு ஏன் 'ஆர்'?

எங்கள் ஊரான பொட்டிப்புரத்தில் நான் செஸ் எழுதிப் பழகியது நாற்பது பக்க நோட்டில். நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கம் வெள்ளை, வலப்பக்கம் கறுப்பு, ஓரத்தில் மூவ் எண். சொல்லிக்கொடுத்த அண்ணன் போடியில் வாங்கிய பழைய இங்கிலீஷ் புத்தகத்தில் வேறு கணக்கு இருந்தது. ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் 'பி-கே4' (P-K4). கறுப்பு அதையே ஆடினாலும் 'பி-கே4'தான். அவரவர் பக்கத்திலிருந்து கட்டத்தை எண்ண வேண்டும். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1981-இலேயே அந்த முறையை விட்டுவிட்டது. எங்கள் கைக்குக் கிடைத்தது அதற்கும் முந்தைய புத்தகம்.

கட்டத்தைவிட எழுத்துதான் படுத்தியது. யானைக்கு 'ஆர்', மந்திரிக்கு 'பி' (B), குதிரைக்கு 'என்'. 'கே' ராஜாவுக்குப் போய்விட்டதால் குதிரைக்கு அடுத்த எழுத்து என்பதைச் சொல்ல அப்போது ஆளில்லை. மனப்பாடம் செய்தோம். பெல்கிரேடில் 1966 முதல் வெளிவந்த 'இன்ஃபர்மேட்டர்' என்ற செஸ் வெளியீடு எழுத்தை விட்டுக் காய்களின் படத்தையே அச்சடித்தது. எந்த மொழிக்காரரும் அதைப் படிக்கலாம். எங்கள் ஊருக்கு அது வரவில்லை.

இன்று அந்தப் படம் போனிலேயே இருக்கிறது. இலவசமான லிசெஸ் தளத்தின் அமைப்புகளில், எழுத்துக்குப் பதில் காயின் உருவம் என்று மாற்றிவிட்டால் போதும். யானை யானையாகவே தெரியும். மூவ் பட்டியலின் அமைப்பையும் மாற்றலாம். வழக்கமான இரண்டு பத்தி, எங்கள் நோட்டைப் போலவே. ஆனால் கிளை ஆட்டங்கள் சேரச்சேர வரிசை நடுவில் உடைந்து, கறுப்பின் மூவ் கீழே தனியாகப் போய் நிற்கும். அப்போது புத்தக வரி மாதிரி ஓடும் அமைப்பே படிக்கத் தோது. வலைப்பக்கத்தில் ஓர் ஆட்டத்தைப் பதிப்பவர் பட்டியலைப் பலகைக்கு வலப்புறமோ கீழேயோ வைக்கலாம், மறைத்தும் விடலாம். சின்னப் போனில் கீழே வைப்பதே சரி. பக்கத்தில் வைத்தால் பலகை சுருங்கிப்போகும்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது நான் பட்டியலை மறைத்துவிடுவேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியனான 14-ஆவது ஆட்டம். 55-ஆவது மூவில் வெள்ளை ஆடிய டிங் லிரன் யானையை எஃப்2-வில் வைத்தார். அந்த இடத்தில் நிறுத்தி, கறுப்புக்கு என்ன ஆடுவாய் என்று கேட்கிறேன். பட்டியல் திறந்திருந்தால் டிங்கின் மூவில் பெரிய தவறு என்று காட்டும் இரண்டு கேள்விக்குறி, பக்கத்திலேயே விடை. செஸ் எஞ்சின் ஓடினால் அதன் மதிப்பெண் முந்திக்கொண்டு சொல்லிவிடும். யானையை வெட்டு, ராஜா வெட்டும், பிறகு மந்திரியை டி5-க்குக் கொண்டுவா என்பதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

நோட்டு மட்டும் போய்விடக் கூடாது. நீண்ட நேரப் போட்டிகளில் இன்றும் பெரும்பாலும் கையால்தான் எழுத வேண்டும். காய்களின் பெயரைத் தன் நாட்டில் வழங்கும் பெயரின் சுருக்கமாக எழுதிக்கொள்ள ஃபிடே விதியே இடம் தருகிறது. 'யா', 'கு', 'ம' என்று எங்கள் பிள்ளைகள் எழுதுகிறார்கள். ராஜாவும் ராணியும் 'ரா'வில் மோதுவதால் ராணிக்கு 'ணி'. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் முதல் நோட்டை இப்படியே தொடங்கிக் கொடுங்கள்.