காயம்பட்ட கால் தங்கம் வென்ற கதை

சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி என்று ஒரு கிராமம். அந்த ஊர்ச் சிறுவன் ஒருவன், 5-வது வயதில், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது பஸ்ஸில் அடிபட்டான். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது.

சிறுவன் உயிர் பிழைத்தான். ஆனால் அந்தக் கால் பழைய கால் ஆகவில்லை. மற்றக் காலைப் போல வளரவும் இல்லை.

அந்தக் காலை வைத்துக்கொண்டு, 21-வது வயதில் அவர் தாண்டிய உயரம் எவ்வளவு தெரியுமா? 1.89 மீட்டர்! அதாவது, 6 அடி 2 அங்குலத்துக்கும் சற்று அதிகம். ஆறடி ஆள் ஒருவர் நிமிர்ந்து நின்றால், அவர் தலைக்கு மேலே தாண்டிப் போகும் உயரம் அது!

அவர்தான் மாரியப்பன் தங்கவேலு. 2016-ல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில், உயரம் தாண்டுதலில் தங்கப் பதக்கம் வாங்கியவர்.

இப்போது ஊருக்கு ஊர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகுகிறவர்கள் சேலத்திலும் இருக்கிறார்கள்; நாமக்கல்லிலும் இருக்கிறார்கள். பலருக்கு "அரை மாரத்தான்" ஓட ஆசை. அதன் தூரம் 21 கிலோ மீட்டரும் 97½ மீட்டரும். சேலத்திலிருந்து ராசிபுரம் போகிற தூரத்தைவிடச் சற்றுக் குறைவு.

பழகும்போது சிலருக்குக் கால் சுளுக்கிக்கொள்கிறது. சிலருக்கு எலும்பில் கீறல் விழுகிறது. பந்தயத் தேதியோ நெருங்கி வருகிறது. ஓடுவதா, காத்திருப்பதா? எது வீரம், எது விவேகம்?

மாரியப்பனின் கதையில் இதற்குப் பாடம் இருக்கிறது.

செங்கல் சுமந்த தாய்

மாரியப்பன் பிறந்தது 1995-ம் ஆண்டு ஜூன் மாதம். வீட்டில் வறுமை. தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாயார் ஒருவரே பிள்ளைகளை வளர்த்தார். முதலில் செங்கல் சுமந்தார். பிறகு காய்கறி விற்றார்.

விபத்துக்குக் காரணமான டிரைவர் குடித்திருந்தார் என்று மாரியப்பன் சொல்லியிருக்கிறார்.

மகனின் வைத்தியத்துக்காகத் தாயார் 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். காய்கறி விற்றுக் கிடைக்கும் காசில் அவ்வளவு பெரிய கடனை அடைப்பது லேசான காரியமா? மகன் தங்கப் பதக்கம் வாங்கிய 2016-ல் கூட, அந்தக் கடன் அடைந்து முடியவில்லை!

பள்ளி மைதானத்தில்...

உள்ளூர் அரசுப் பள்ளியில் மாரியப்பன் படித்தார். அங்கே உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் இருந்தார். இந்தப் பையனால் தாண்ட முடியும் என்று அவர் கண்டுகொண்டார். உயரம் தாண்டப் பழகச் சொன்னார்.

14-வது வயதில் மாரியப்பன் ஒரு போட்டியில் கலந்துகொண்டார். எதிரே நின்ற பையன்கள் எல்லோரும் கால் நன்றாக இருந்தவர்கள். அவர்களோடு தாண்டி, இரண்டாவது பரிசு வாங்கினார் மாரியப்பன்!

பிறகு சேலம் ஏ.வி.எஸ். கல்லூரியில் சேர்ந்தார். குடும்பத்துக்கு உதவுவதற்காக வேலையும் பார்த்தார். காலையில் வீடு வீடாகச் செய்தித்தாள் போடுவார். பகலில் கட்டட வேலைக்குக் கூலியாகப் போவார். 2012 முதல் 2015 வரை இப்படித்தான் நாட்கள் போயின.

2013-ல் பெங்களூரில் நடந்த போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரைப் பார்த்தார். பின்னர் தம்மிடமே அழைத்துப் பயிற்சி கொடுத்தார்.

ரியோவில் தங்கம்

உடல் குறைபாடு உள்ள வீரர்களுக்காக நடப்பது பாராலிம்பிக் போட்டி. ஒலிம்பிக்கைப் போலவே 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும். குறைபாடு எந்த அளவு என்று பார்த்து, வீரர்களைப் பிரிவு பிரிவாகப் பிரிப்பார்கள்.

உயரம் தாண்டுவதில் விதி எளிது. ஒரே காலை ஊன்றி எழும்ப வேண்டும். குறுக்குக் கம்பு கீழே விழக்கூடாது. தொடர்ந்து மூன்று தடவை தவறினால் ஆட்டம் முடிந்தது.

2016 செப்டம்பரில் ரியோ மைதானத்தில் மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டினார். அமெரிக்க வீரர் சாம் குரூவும், மற்றோர் இந்திய வீரரான வருண் சிங் பாட்டியும் 1.86 மீட்டரோடு நின்றுவிட்டார்கள். தங்கம் மாரியப்பனுக்கு, வெள்ளி குரூவுக்கு, வெண்கலம் பாட்டிக்கு!

பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் இந்தியர் ஒருவர் தங்கம் வாங்கியது அதுவே முதல் தடவை. தமிழக அரசு 2 கோடி ரூபாயும், மத்திய அரசு 75 லட்சம் ரூபாயும் பரிசு அறிவித்தன. தாம் படித்த பள்ளிக்கு அதிலிருந்து 30 லட்சம் ரூபாய் தருவதாக மாரியப்பன் சொன்னார். மறு ஆண்டு, 2017-ல், அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

5-வது வயதில் அடிபட்ட கால், தங்க மேடையில் ஏற 16 ஆண்டுகள் ஆயின. 16 நாள் அல்ல; 16 மாதமும் அல்ல!

இறங்கினார், ஏறினார்

ரியோவுக்குப் பிறகு எல்லாம் ஏறுமுகமாக இருந்ததா? இல்லை.

2018-ல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டி. இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவர் மாரியப்பன். ஆனால் அவர் தாண்டியது 1.67 மீட்டர்தான். ரியோவில் தாண்டியதைவிட 22 சென்டி மீட்டர் குறைவு! வெண்கலம் கிடைத்தது.

2019-ல் துபாயில் உலகப் போட்டி. அங்கே 1.80 மீட்டர். மீண்டும் வெண்கலம்.

அடுத்தது ஜப்பானில் டோக்கியோ பாராலிம்பிக். கொரோனா நோயால் அது ஓர் ஆண்டு தள்ளி 2021-ல் நடந்தது. தொடக்க விழாவில் கொடி ஏந்தும் பெருமை மாரியப்பனுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் விமானத்தில் உடன் வந்த ஒருவருக்கு நோய் இருந்ததால், மாரியப்பனைத் தனியாக வைத்துவிட்டார்கள். கொடியை வேறொரு வீரர் ஏந்தினார்.

போட்டி நாளிலோ மழை! முதலில் தூறல். 1.80 மீட்டருக்குப் பிறகு மழை வலுத்தது. பழுதுபட்ட காலில் அவர் போட்டிருந்த காலுறை நனைந்துவிட்டது. தாண்டுவது கஷ்டமாகிவிட்டது. அப்படியும் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளிப் பதக்கம் பெற்றார். ரியோவில் தோற்ற சாம் குரூ 1.88 மீட்டர் தாண்டித் தங்கத்தைக் கொண்டுபோனார்.

2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் உலகப் போட்டி நடந்தது. 1.88 மீட்டர் தாண்டி மாரியப்பன் தங்கம் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கினார்.

தங்கம், வெள்ளி, வெண்கலம்! தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

இந்த உயரங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒரு வருஷம் இறங்கினால், "போச்சு" என்று அவர் விட்டுவிடவில்லை. காலுக்கு நாள் கொடுத்தார். மறுபடி ஏறினார்.

ஓடிய ஒருவர், நின்ற ஒருவர்

ஓட்டப் பந்தயத்திலும் இப்படிக் கதைகள் உண்டு. 1968-ல் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் நடந்தது. ஏற்காட்டைவிட உயரமான இடத்தில் உள்ள நகரம் அது. அங்கே காற்றில் பிராணவாயு குறைவு. அந்த மாரத்தான் பந்தயத்தில் 75 பேர் ஓடினார்கள். 18 பேர் பாதியிலேயே விலகிவிட்டார்கள்.

தான்சானியா நாட்டு வீரர் ஜான் ஸ்டீபன் அக்வாரி வழியில் கீழே விழுந்தார். முழங்காலிலும் தோளிலும் பலத்த அடி. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, நொண்டியபடி கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். முதல்வர் வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது! ஓடத் தொடங்குவதற்காக மட்டும் தம் நாடு தம்மை அனுப்பவில்லை, ஓடி முடிக்கவே அனுப்பியது என்றார் அவர்.

அதே பந்தயத்தில் இன்னொருவரும் ஓடினார். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960-ல் ரோம் நகரில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றவர். 1964-ல் டோக்கியோவிலும் தங்கம் வென்றவர். மெக்சிகோவுக்கு வரும்போது அவர் காலில் காயம் இருந்தது. சுமார் 17 கிலோ மீட்டர் ஓடினார். கால் ஒத்துழைக்கவில்லை. விலகிக்கொண்டார்.

இருவரில் யார் வீரர்? இருவருமே வீரர்கள்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அக்வாரி பழைய காயத்தோடு பந்தயத்துக்கு வந்தவர் அல்ல, வழியில் விழுந்தவர். பிகிலா காயத்தோடு வந்தவர். இரண்டு தங்கம் வாங்கியவரே, "இன்று என் கால் முடியாது என்கிறது" என்று தெரிந்ததும் நின்றுவிட்டார். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒரு பாதத்தில் 26 எலும்பு

மனிதனின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவற்றை இணைத்துக் கட்டும் தசைநார்கள் ஏராளம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் பாதத்தில் இறங்கும். 60 கிலோ எடையுள்ளவர் ஓடினால், 120 முதல் 180 கிலோ வரை!

அரை மாரத்தான் ஓடி முடிக்க ஏறக்குறைய 20 ஆயிரம் அடி எடுத்து வைக்க வேண்டும். நல்ல கால் அதைத் தாங்கும். ஆறாத கால் எப்படித் தாங்கும்?

லேசான சுளுக்கு, ஒன்றிரண்டு வாரங்களில் சரியாகலாம். தசைநார் கிழிந்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும். முறிந்த எலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 8 வாரம் வேண்டும். கூடிய பிறகும், பழைய பலம் வர மேலும் சில காலம் பிடிக்கும்.

எலும்பில் முடி அளவு மெல்லிய கீறல் விழுவதும் உண்டு. வெளியே காயம் தெரியாது. முதலில் எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் கூடச் சில சமயம் தெரியாது. ஆனால் ஓடினால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். "கொஞ்சம் வலிதானே!" என்று தொடர்ந்து ஓடினால், கீறல் முறிவாகிவிடும்.

வலியை மறைக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது இன்னும் ஆபத்து. வலி என்பது காவல்காரன். காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டு வீட்டைத் திறந்து போடலாமா?

எப்போது ஓடலாம்?

அடிபட்டதும் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஊன்றி நிற்க முடியாவிட்டாலோ, வீக்கம் குறையாவிட்டாலோ தாமதம் கூடாது. நீரிழிவு நோய் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போய் வலியே தெரியாமல் இருக்கலாம். அவர்கள் சிறு காயத்தைக்கூட அலட்சியம் செய்யக்கூடாது.

டாக்டர் சம்மதித்த பிறகு, முதலில் நடை. அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லையா? காயம்பட்ட காலில் மட்டும் நின்று மெல்லக் குதித்தாலும் வலி இல்லையா? அப்போது ஓட்டத்தைத் தொடங்கலாம்.

முதலில் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. தூரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். இந்த வாரம் 10 கிலோ மீட்டர் என்றால், அடுத்த வாரம் 11 போதும். ஓடிய மறுநாள் காலையில் வலி அதிகமாக இருந்தால், ஒரு படி இறங்கிவிட வேண்டும்.

காத்திருக்கும் நாட்கள் வீண் நாட்கள் அல்ல. டாக்டர் அனுமதித்தால் சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். பாதத்தில் பாரம் இறங்காமலே மூச்சுப் பலம் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வருஷப் பந்தயம் போனால் அடுத்த வருஷப் பந்தயம் வரும். கால் போனால் வேறு கால் வராது. தங்கம் வாங்க 16 ஆண்டுகள் பொறுத்திருந்தார் பெரியவடகம்பட்டி வாலிபர். 21 கிலோ மீட்டர் ஓட ஆசைப்படுகிறவர்கள் சில மாதம் பொறுக்கக் கூடாதா?