சாயங்காலம் சுண்டல், ராத்திரி கேஸ்: நடுவுல என்ன நடக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு நடை கொஞ்சம் திருத்தப்பட்டுள்ளது.)

நாலு மணி பசியைப் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல பாதி ஒரே மாதிரி இருந்துச்சு. சுருக்கிச் சொன்னா இதுதான்: "பஃப்ஸை விட்டுட்டு வீட்டுல இருந்து சுண்டல் எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சேன். மூணே நாள். வயிறு பலூன் மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி கால்ல கேமராவையும் மைக்கையும் ஆஃப் பண்ணிட்டுதான் உக்காந்திருந்தேன். எனக்குப் பயறு செட் ஆகாது போல."

அந்தக் கடைசி வரியைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறோம். மூணு நாள்ல எழுதின ஒரு தீர்ப்பை வெச்சு கொண்டைக்கடலை, காராமணி, பாசிப்பயறு, மொச்சைன்னு ஒரு முழு உணவு வகையையே நிறைய பேர் வாழ்க்கையில இருந்து வெட்டிடறாங்க. கொஞ்ச நாள் கழிச்சு, மலச்சிக்கல்னு ஆன்லைன்ல டப்பா டப்பாவா ஃபைபர் பவுடர் வாங்குறாங்க. கையில இருந்த மலிவான, ருசியான ஃபைபரைத் தூக்கிப் போட்டுட்டு, ருசியே இல்லாத ஒண்ணைக் காசு குடுத்து வாங்குற கதை.

முதல்ல அந்த கேஸ் எங்க இருந்து வருதுன்னு பார்ப்போம்.

கொண்டைக்கடலையில ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு சில சர்க்கரை வகைகள் இருக்கு. சர்க்கரைன்னா நாக்குல இனிக்கிற வெள்ளைச் சர்க்கரை இல்ல. மூணு நாலு சர்க்கரை மூலக்கூறுகள் கை கோத்து நிக்கிற சின்னச் சங்கிலிகள். இதை வெட்டறதுக்கு ஆல்ஃபா காலக்டோசிடேஸ்ங்கிற நொதி வேணும். மனுஷக் குடல் அதைச் சுரக்கிறதில்ல. உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல, "எனக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கும்"னு சொல்ற உங்க சித்தப்பாவுக்கும் இல்ல. அதனால இந்தச் சங்கிலிகள், பயறோட தோல்ல இருக்கிற நார்ச்சத்து, செரிக்காம தப்பிச்ச கொஞ்சம் மாவுச்சத்து எல்லாம் சிறுகுடலை அப்படியே தாண்டிப் பெருங்குடலுக்குப் போகுது.

அங்க கோடிக்கணக்கான பாக்டீரியா காத்துட்டு இருக்கு. அந்த நொதி அதுங்க கிட்ட இருக்கு. வந்ததை நொதிக்க வைக்குது. அதுல ரெண்டு வகைப் பொருள் வெளிய வருது. ஒண்ணு வாயு: ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன். இதுக்கெல்லாம் வாசனையே கிடையாது. நாத்தத்துக்குக் காரணம் ரொம்பக் கொஞ்சமா கலந்திருக்கிற கந்தகச் சேர்மங்கள். இன்னொண்ணு, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள்: அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட்.

பியூட்டிரேட்டைக் கொஞ்சம் கவனிங்க. பெருங்குடலோட உள்சுவர்ல இருக்கிற செல்களுக்கு முக்கியமான எரிபொருளே இதுதான். உடம்போட மத்த செல்கள் ரத்தத்துல வர்ற குளுக்கோஸை எதிர்பார்த்து இருக்க, இந்தச் செல்கள் பெரும்பாலும் பாக்டீரியா சமைச்சுப் போடறதைச் சாப்பிட்டு வாழுது. நீங்க பாக்டீரியாவுக்குப் போடறீங்க, பாக்டீரியா உங்க குடலுக்குப் போடுது.

போடாம விட்டா? 2016-ல் செல் என்கிற ஆய்விதழ்ல ஒரு எலி ஆய்வு வந்துச்சு. எலிகளோட குடல்ல மனுஷக் குடல் பாக்டீரியாவைக் குடியேத்தி, நார்ச்சத்தே இல்லாத தீனி குடுத்தாங்க. சாப்பாடு கிடைக்காத பாக்டீரியா, குடல் சுவருக்கு மேல பாதுகாப்புக்கு இருக்கிற சளிப்படலத்தைத் தின்ன ஆரம்பிச்சுடுச்சு. படலம் மெலிஞ்சதும் நோய்க்கிருமி உள்ள நுழையறது சுலபமாச்சு. எலிக்கு நடந்தது அப்படியே மனுஷனுக்கு நடக்கும்னு சொல்ல முடியாது. ஆனா காலையில பிரெட், மதியம் வெள்ளைச் சோறு, சாயங்காலம் பஃப்ஸ், ராத்திரி பரோட்டான்னு போற நாள்கள்ல எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

இங்க ஒரு சின்ன இடைச்செருகல். "பிளான்ட் பேஸ்டு" ஸ்நாக்னு பாக்கெட்ல போட்டிருக்கிறதைப் பார்த்து ஏமாறாதீங்க. முறுக்கும் தாவரம்தான். உருளைக்கிழங்கு சிப்ஸும் தாவரம்தான். பஜ்ஜி, மிக்சர் எல்லாமே செடியில இருந்து வந்ததுதான். முறுக்கை நான் குறை சொல்லல, தீபாவளிக்கு எனக்கும் வேணும். ஆனா குடல் கேக்கிற கேள்வி வேற: பெருங்குடல் வரைக்கும் எனக்கு என்ன மிச்சம் வருது? அரிசி மாவும் எண்ணெயும் மேலயே உறிஞ்சப்பட்டுடும். கீழ இருக்கிறவங்களுக்குப் பெருசா ஒண்ணும் வராது.

கணக்குப் பார்க்கலாம். பெரியவங்க ஒரு நாளைக்குக் குறைஞ்சது 25 கிராம் இயற்கையான நார்ச்சத்து சாப்பிடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கு. ஹைதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் முழுக் கொண்டைக்கடலையில (நம்ம ஊர் கறுப்பு) சுமார் 25 கிராம் நார்ச்சத்து இருக்கு. அதையே தோல் நீக்கி உடைச்சுக் கடலைப்பருப்பு ஆக்கினா சுமார் 15. அதாவது ஊறவைக்காத கடலை 50 கிராம், ஒரு பெரிய பிடி, எடுத்து சுண்டல் பண்ணா ஒரு நாள் தேவையில பாதி முடிஞ்சுது. பொட்டுக்கடலை வாங்குறவங்களுக்கும் இதேதான்: தோல் போனா நாரும் குறையும். தோலோட வறுத்த உப்புக்கடலை வாங்குங்க.

சரி, அப்போ மெசேஜ் அனுப்பின நண்பருக்கு என்ன ஆச்சு? அதுவரைக்கும் அரைப் பட்டினியில இருந்த பாக்டீரியாவுக்குத் திடீர்னு ஒரு டப்பா நிறைய சுண்டல். மூணு நாள் தொடர்ந்து. கேஸ் வரத்தான் செய்யும். வேலை நடந்ததோட லாக் அது, எரர் இல்ல.

லாக்னு சொன்னதும் இன்னொண்ணு. டைம்ஸ்டாம்ப் பாருங்க. சாப்பிட்டது பெருங்குடலைத் தொடவே சில மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும், ஆனா நாலஞ்சு மணி நேரம்னு வெச்சுக்கலாம். நாலு மணி சுண்டல் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குதான் பேச ஆரம்பிக்கும். சுண்டல் சாப்பிட்ட இருபதாவது நிமிஷம் வயிறு உப்பினா, அதுக்கு மதியம் சாப்பிட்டது காரணமா இருக்கலாம், அவசரமா சாப்பிட்டுக் காத்தை முழுங்கினது காரணமா இருக்கலாம், சுண்டலோட குடிச்ச சோடா காரணமா இருக்கலாம். கடைசியா டெப்ளாய் பண்ணதுமேல பழியைப் போடறது நம்ம தொழில் வியாதி. குடல் விஷயத்துல அது அடிக்கடி தப்பாப் போகும்.

இது போகப் போகக் குறையுமா? குறையும்னு நம்பக் காரணம் இருக்கு. 2011-ல் நியூட்ரிஷன் ஜர்னல்ல அமெரிக்க ஆய்வாளர்கள் மூணு ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கட்டுரை போட்டாங்க. ஆட்கள் தினமும் அரைக் கப் பயறு, வாரக்கணக்கா சாப்பிட்டாங்க. பின்டோ பீன்ஸ் மாதிரி வகைகளைச் சாப்பிட்டவங்கள்ல முதல் வாரம் கேஸ் அதிகமாச்சுன்னு சொன்னவங்களே சுமார் பாதிப் பேர்தான். காராமணி சாப்பிட்டவங்கள்ல 19 சதவீதம். வாரங்கள் போகப் போக இந்த எண்ணிக்கை இறங்கிட்டே வந்துச்சு. எனக்கு இதுல பிடிச்சது அந்தக் காராமணி. வயிறு பழகாதவங்க நேரா கறுப்புக் கொண்டைக்கடலையில குதிக்காம காராமணியில ஆரம்பிக்கலாம்.

இப்போ சமையலுக்கு வருவோம். முதல் வாரம் வெந்த பயறு ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் போதும். டப்பா நிறைய வேண்டாம். ஒரு வாரம் பிரச்சினை இல்லன்னா கொஞ்சம் ஏத்துங்க. மூணாவது நாலாவது வாரத்துல ஒரு சின்னக் கிண்ணத்துக்கு வந்தா போதும், யாரும் ரேஸ் வைக்கல. தண்ணி வழக்கத்தைவிடக் கூடுதலா குடிங்க. தண்ணி குறைச்சு நாரை மட்டும் ஏத்தினா மலச்சிக்கல் மோசமாகலாம்.

ராத்திரி படுக்கும்போது மூணு பங்கு தண்ணியில ஊறப் போடுங்க. அந்த ராஃபினோஸ் வகைகள் தண்ணியில கரையும். ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, ரெண்டு தடவை அலசி, புதுத் தண்ணியில வேகவெச்சா ஒரு பகுதி அங்கேயே போயிடும். மொத்தமும் போகாது, போகவும் வேண்டாம், பாக்டீரியாவுக்கும் ஏதாவது வேணுமே. வெந்த தண்ணியிலயும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதுல ரசம் வைக்கிற வழக்கம் சில வீடுகள்ல உண்டு, பிரமாதமா இருக்கும். வயிறு பழகிற வரைக்கும் அந்த ரசத்தை மட்டும் தள்ளிப் போடுங்க. கறுப்புக் கடலைக்குக் குக்கர்ல ஆறேழு விசில், விரலால நசுக்கினா நசுங்கணும். அரைவேக்காடு கடலைதான் பாதிப் புகாருக்குக் காரணம்னு நான் சந்தேகப்படுறேன். ஆப்பசோடா போட்டா சீக்கிரம் வேகும், ஆனா பி1 வைட்டமினை அது அழிக்கும். நல்லா ஊறியிருந்தா அது தேவையே இல்ல.

தாளிப்பு உங்க வீட்டு வழக்கம்: கடுகு, உளுத்தம்பருப்பு, காஞ்ச மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். "பெருங்காயம் போட்டாச்சு, இனி கேஸ் வராது"ன்னு ஊறவைக்கிறதை மட்டும் விட்டுடாதீங்க.

ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறவங்க இதைக் கவனிங்க. காலை எட்டு மணிக்குத் தேங்காய்த் துருவல் போட்ட சுண்டலை பேக்பேக்ல வெச்சு, சென்னை வெயில்ல பைக்ல போய், சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்தா, அதுல வளர்ந்திருக்கிற பாக்டீரியா நாம இவ்வளவு நேரம் பேசின பாக்டீரியா இல்ல. அப்புறம் வயித்தால போனதுக்குப் பயறு மேல பழி. தேங்காய் இல்லாம தாளிச்சு, ஆபீஸ் போன உடனே ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. எலுமிச்சம்பழம், மாங்காய், வெங்காயம் எல்லாம் சாப்பிடும்போது சேர்த்தா போதும். தேங்காய் மாங்காய் சுண்டலுக்கு மெரினா இருக்கு.

முளைகட்டின பாசிப்பயறும் நல்ல தொடக்கம். முளைக்கிறப்போ விதையே அந்தச் சங்கிலிச் சர்க்கரையை எரிபொருளா செலவழிச்சுடும், அதனால கேஸ் குறைவு. ஆனா பச்சையா சாப்பிடாதீங்க. முளை வளர்ற அதே ஈரமும் சூடும் சால்மொனெல்லாவுக்கும் ரொம்பப் பிடிக்கும். அஞ்சு நிமிஷம் ஆவியில வேகவெச்சிடுங்க. ராஜ்மா பண்றவங்க குக்கர்லயே பண்ணுங்க. ஸ்லோ குக்கர் சூட்டுல அதுல இருக்கிற ஒரு நச்சுப்புரதம் அழியாது, வாந்தியில கொண்டு விடும். மத்தபடி அவிச்ச வேர்க்கடலை, கொய்யா, பொங்கல் சமயத்துல பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளி அவிச்சு ஆறவெச்சு. எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

பாட்டில்ல விக்கிற புரோபயாட்டிக் பத்தியும் கேட்டிருந்தீங்க. 2021-ல் ஸ்டான்ஃபோர்டுல 36 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு நார்ச்சத்து அதிகம், இன்னொண்ணுக்குப் புளிக்கவெச்ச உணவு அதிகம், 10 வாரம். பாக்டீரியா வகைகள் பெருகினது புளிச்ச உணவுக் குழுவுலதான். நார்ச்சத்துக் குழுவுல மொத்தமா பார்த்தா பெருகல. நான் இவ்வளவு நேரம் சுண்டலுக்குக் கொடி பிடிச்சுட்டு இதை மறைக்க முடியாது. சின்ன ஆய்வு, குறுகிய காலம், ஆனாலும் நல்லா பண்ணின ஆய்வு. என் வாசிப்பு இது: ரெண்டும் வேணும், புளிச்சதுக்குப் பாட்டில் வாங்கணும்னு அவசியமில்ல. இட்லியை மட்டும் அந்தக் கணக்குல சேர்க்காதீங்க. மாவு புளிச்சது உண்மைதான், ஆனா ஆவியில வெந்ததும் உயிரோட யாரும் மிச்சமில்ல. பழைய சோத்து நீராகாரத்துல இருப்பாங்க.

இனி, யார் இதை நான் சொன்ன மாதிரி பண்ணக் கூடாது. ஐபிஎஸ்னு டாக்டர் சொல்லியிருக்கிறவங்க இந்தச் சங்கிலிச் சர்க்கரைக்கு நிஜமாவே அதிகமா வலி அனுபவிப்பாங்க. அவங்களுக்காக மெல்போர்னோட மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கின ஃபாட்மேப் உணவு முறை இருக்கு. அதுலகூட சில வாரம்தான் நிறுத்தம், அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பச் சேர்த்துப் பார்க்கணும். உணவியல் நிபுணர் பக்கத்துல இருந்தா நல்லது. சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க பயறு அளவை டாக்டர் கிட்ட கேட்டுக்குங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, தூக்கத்துல இருந்து எழுப்புற வலி, வாரக்கணக்குல நிக்காத வயித்துப்போக்கு, இப்படி எது இருந்தாலும் அதை "கேஸ்தான்"னு சொல்லி ஒதுக்காதீங்க. இருபத்தஞ்சு வயசுல ஒண்ணும் இருக்காதுன்னு நாமளே முடிவு பண்றது ரொம்ப சகஜம். குடல் அழற்சி நோய்கள் நிறைய பேருக்கு நம்ம வயசுலதான் தொடங்குது. சுண்டலை ஒரு மாசம் கழிச்சுக்கூட ஆரம்பிக்கலாம், டாக்டரைத் தள்ளிப் போட முடியாது.

மெசேஜ் அனுப்பின நண்பருக்கு: காராமணி, ரெண்டு ஸ்பூன், ராத்திரியே ஊறவெச்சது. நாலு வாரம் கழிச்சு என்ன ஆச்சுன்னு எழுதுங்க. நல்லபடியா போகலைன்னாலும் எழுதுங்க, அதையும் படிக்கிறேன். அடுத்த எபிசோட்ல நீராகாரம்.